43 நிமிடம், இடைவெளி இல்லாமல்

[திரை கறுப்பு. மெல்ல ஓர் இதயத் துடிப்பு.]

இது யாருடைய நெஞ்சிலிருந்தும் எடுத்த சத்தம் இல்லை. டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', அதாவது நிலவின் இருண்ட பக்கம், இப்படித்தான் தொடங்குகிறது. லண்டனில் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவாகி, 1973 மார்ச்சில் வெளிவந்த ஆல்பம்.

இதன் பாட்டுகளைப் பல வருடமாக ப்ளேலிஸ்டில்தான் கேட்டுவந்தேன். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. போன மாதம் ஒரு ராத்திரி ஷஃபிளை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டி, முதலிலிருந்து கேட்டேன். தொடக்கத்தில் துடிப்பின் மேல் ஏதேதோ சத்தங்கள் குவிந்தன. எதுவும் பிடிபடவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

[கடிகாரங்கள் ஒன்றாக அலறும் சத்தம்.]

ஆல்பத்தில் வரும் 'ஆன் தி ரன்' ஒரு வெடிச் சத்தத்தில் முடிகிறது. அது அடங்க அடங்க, யாரோ ஓடும் காலடி. அப்புறம் இந்தக் கடிகாரங்கள். சவுண்ட் இன்ஜினீயர் ஆலன் பார்சன்ஸ், பழைய கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். இந்த 'டைம்' பாட்டில் குரல் வருவதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ப்ளேலிஸ்டில் அந்த இடத்தை எத்தனை முறை தள்ளிவிட்டிருக்கிறேன்! காலடிக்குப் பின்னால் வரும்போதுதான் அந்தக் காத்திருப்பு நெஞ்சைப் பிடிக்கிறது.

அடுத்து 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோ, அதன் மேல் ஒரு பெண் குரல். வரிகளே கிடையாது. பாடியவர் கிளேர் டோரி, அப்போது வயது 25. குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துப் பாடினார். சம்பளம் 30 பவுண்டு. அந்த ஏற்றமும் இறக்கமும் அவர் அங்கேயே உண்டாக்கியவை. ஆனால் இசையமைப்பில் அவர் பெயரும் சேர, வழக்குப் போட்டு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது தெரிந்த பிறகு அந்தக் குரல் இன்னும் கனமாகக் கேட்கிறது.

இசைத்தட்டின் முதல் பக்கம் இங்கே முடியும்.

[சில்லறை விழும் சத்தம்.]

திருப்பினால் 'மணி', அதாவது பணம். ஸ்டூடியோக்களில் கணினி இல்லாத காலம். மண்பாண்ட வேலைக்காக மனைவி வைத்திருந்த பாத்திரத்தில் சில்லறையைப் போட்டுப் பதிவுசெய்தார் குழுவின் பேஸ் கிடார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ். கூடவே கல்லாப்பெட்டி, காகிதம் கிழியும் ஓசை என்று மொத்தம் ஏழு துண்டுகள். டேப்பை ஸ்கேல் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். பாட்டுக்கும் ஏழு எண்ணிக்கைதான். தொடையில் தட்டிப் பாருங்கள், கர்நாடக இசையின் ஏழெண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய கைக்கு உடனே வந்துவிடும். கிடார் தனியாக எழும்போது நாலுக்கு மாறும்.

கடைசியில் மறுபடி அந்தத் துடிப்பு. அதன் மேல் ஸ்டூடியோ வாயில்காப்பாளரின் குரல். நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று உண்மையில் இல்லை, எல்லாமே இருட்டுதான் என்கிறார்.

துடிப்பு அடங்கியதும் மறுபடி முதல் பாட்டை அழுத்தினேன். பிடிபடாமல் போன அந்த ஒரு நிமிடத்தில் இப்போது கடிகாரம் கேட்டது. கல்லாப்பெட்டி கேட்டது. கடைசியாக, கிளேர் டோரியின் அலறல்.

[துடிப்பு மட்டும்.]