ராம் வேகமும் வோல்டேஜும்

நேயர்களுக்கு வணக்கம். வேகம் 3600 என்று அச்சிட்ட டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ராம் வாங்கி மாட்டியிருப்பீர்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் 2133 அல்லது 2666 என்று காட்டும். உடனே கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். அந்த 3600, பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் கிடைக்கும் வேகம். மதர்போர்டு தானாக எடுத்துக்கொள்வதோ டிடிஆர்4-க்கு உரிய 1.2 வோல்ட்டும் அதற்கேற்ற குறைந்த வேகமும்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி என்பதை, அதாவது ராம் தயாரிப்பாளரே பதிந்து தரும் செட்டிங்கை, ஆன் செய்தால் வேகம், டைமிங் (ராமின் தாமத அளவுகள்), வோல்டேஜ் மூன்றும் சேர்ந்தே மாறும். வேகத்தை மட்டும் கையால் ஏற்றினால் பெரும்பாலும் திரையே வராது. பழைய டிடிஆர்3-க்கு 1.5 கொடுத்த பழக்கத்தில் டிடிஆர்4-க்கும் 1.5 வைப்பவர்கள் இருக்கிறார்கள். தினசரி வேலைக்கு 1.35 போதும், 1.4-ஐத் தாண்ட எனக்கு மனம் வராது. டிடிஆர்5 என்றால் அடிப்படை 1.1. ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வைத்திருப்பவர்கள் எஸ்ஓசி வோல்டேஜையும் (பிராசசருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்குப் போவது) பாருங்கள். எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் அதை அளவுக்கு மீறி ஏற்றியதால் 2023-இல் சில பிராசசர்கள் கருகின. அதன்பிறகு ஏஎம்டி வைத்த உச்சவரம்பு 1.3. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால், முதலில் அதை அப்டேட் செய்யுங்கள்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் செட்டிங் சரி என்று ஆகிவிடாது. கணினி ஹேங் ஆகாமலே இருக்கும், ஆனால் ஒரு ஜிப் ஃபைல் திறக்காது, பில்லிங் டேட்டாவில் ஒரு எண் மாறியிருக்கும். அந்தத் தப்பான எண்தான் பேக்கப்பிலும் போய் உட்காரும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 3200-க்கு இறங்கிவிடுங்கள். நான்கு ஸ்லாட்டிலும் ராம் இருந்தாலோ, வெவ்வேறு பாக்கெட்டில் வாங்கியவை கலந்திருந்தாலோ இறங்க வேண்டிவரும். கடைக் கணக்கு ஓடும் கணினியில் எக்ஸ்எம்பியே வேண்டாம் என்பது என் கட்சி.

நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் மார்கழியில் தேறிய செட்டிங் அக்னி நட்சத்திரத்தில் தேறாமல் போகலாம். மே மாதப் பிற்பகலில், ஏசி போடாமல் ஒருமுறை சோதியுங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றால் ராமின் பின்களில் அழுக்கு படியும். வோல்டேஜைத் தொடுமுன் ராமைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

செட்டிங் மாற்றியபின் திரை வராவிட்டால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு போர்டிலுள்ள நாணய பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டிடிஆர்5 என்றால் அவசரப்பட வேண்டாம். முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளவே போர்டு சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும்.