ஈயக்குட்டைக்குள் ஒரு கொண்டாட்டம்

(மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர்கள் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், என் மாணவர்களுக்கும், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் குட்டிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆசிரியராக இருந்தவளை மேடையில் ஏற்றினால் கல்வி, ஒழுக்கம் என்றுதான் ஆரம்பிப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் நீங்கள்தான். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் சந்தையிலோ கோயிலிலோ என்னைப் பார்த்தால், நான் நடத்திய பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "டீச்சர், சன்வே லகூனுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போதே முகம் மலர்ந்துவிடுகிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கும் அப்படித்தான்.

சறுக்கும் அலையுமாக இருக்கும் அந்தத் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு படி கூடுதல் சொந்தம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரைச் சுற்றி இரண்டுதான் இருந்தன: தோட்டம், ஈயம் என்று நாம் சொல்லும் வெள்ளீயம். தோட்டத்தில் நமக்குப் பெருமை உண்டு. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இங்கே தென்னமரம் என்ற தோட்டத்தில் போட்ட செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனைதான், இந்த நாட்டில் வியாபாரத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனை. ஈயம் நமக்கு விட்டுப்போனது குட்டைகளை. ஈயம் வாரும் கப்பல்கள் மண்ணைக் குடைந்து குடைந்து எடுத்த இடமெல்லாம் தண்ணீர் தேங்கிவிட்டது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து விழுந்தது. அதன் பிறகு நாடு முழுக்கச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆட்கள் போய்விட்டார்கள், குட்டைகள் இருந்துவிட்டன.

அந்தக் குட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பார்க்க அழகு. வெயில் நேரத்தில் தண்ணீர் பச்சையும் நீலமுமாக மின்னும். கரையில் வெள்ளை மணல். ஆனால் காலை வைத்தால் மணல் சரியும், ரெண்டாவது அடியில் தரை இருக்காது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மாமார்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "குட்டைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே, அங்க முனி இருக்கு." முனி இருந்ததோ இல்லையோ, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இருந்தன. அதனால் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஆசையும் பயமும் சேர்ந்தே இருந்தது.

சரி, சன்வேக்கு வருவோம். பேராக்கில் பூசிங் என்ற ஈயச் சுரங்க ஊரில் பிறந்த ஜெப்ரி சியா 1974இல் தொடங்கியது ஒரு ஈயச் சுரங்க நிறுவனம்தான். ஈயம் எடுத்து முடிந்து, குழியும் குட்டையுமாகக் கிடந்த நிலத்தில்தான் அவர் ஊரையே எழுப்பினார். அந்தக் குழிக்குள் வைத்ததுதான் சன்வே லகூன். 1990களின் தொடக்கத்தில் திறந்தார்கள். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நம் ஊர் அம்மா ஒருவருக்கு அது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் தடவை போன நாள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் மாதாமாதம் சில்லறை சேர்த்து, தீபாவளி போனஸ் வந்ததும் மிச்சத்தைப் போட்டு பஸ் பிடித்திருந்தோம். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்து பழகிய சனம், விடியுமுன்பே புளிச்சோறு கட்டி, நெத்திலி சம்பல் வதக்கி, பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பஸ்சுக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. ஈஜோக் தாண்டி, சுங்கை பூலோ தாண்டி, வழியெல்லாம் பாட்டு. அங்கே போய் இறங்கியதும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். உள்ளே போக வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் வெட்டிய மண்சுவர், நடுவில் தண்ணீர். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் அந்த அம்மா படிக்கட்டு முனையிலேயே நின்றுவிட்டார். கண்ணை இடுக்கிச் சுவரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். "டீச்சர், இது குட்டைதானே?" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் ஊர்க்காரியின் கண் அது. வண்ண வண்ணமாகச் சறுக்குக் குழாய் வைத்தாலும், செயற்கை எரிமலையைக் கட்டிவைத்தாலும், மண் வெட்டுப்பட்ட விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அன்று காலை முழுக்க மகன் கையை அவர் விடவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல, முட்டளவு தண்ணீரில் அவன் குதிப்பதையும், பக்கத்திலேயே விசிலோடு காவலுக்கு ஆள் நிற்பதையும் பார்த்துப் பார்த்து, கையை விட்டார். மத்தியானத்துக்கு மேல் அவரே கைலியைச் செருகிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அடியில் தரை இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இருந்தது. மறுபடியும் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தரை தட்டும் குட்டையை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

அலைக்கடற்கரையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மேடையிலிருந்து இறங்க விடமாட்டீர்கள். நமக்குத் தெரிந்த கடல் ஜெராம் பக்கத்து ரெமிஸ்தான். நல்ல கடல். சிப்பி பொறுக்கலாம், மீன் வாங்கலாம். ஆனால் சேற்று நிறம், பெரிய அலை கிடையாது. மலாக்கா நீரிணையின் இந்தக் கரை பெரும்பாலும் அப்படித்தான். ஆளைத் தூக்கிப் போடும் அலையை நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலில் பார்த்தது, கடலே இல்லாத சன்வேயில்! இயந்திரம் தள்ளும் அலைதான், அதனால் என்ன? தண்ணீர் அசையாமல் கிடக்கும். அலை கிளம்புகிறது என்று யாராவது குரல் கொடுத்ததும் எல்லாரும் கைகோத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அலை வந்து மொத்த வரிசையையும் மணலில் உருட்டும். எழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, மறுபடியும் வரிசை. அந்த வரிசையில் ஒருமுறை தோட்டத்துக் கணக்கர் கிராணி ஐயாவும், அவர் பெரட்டில் பெயர் கூப்பிடும் ஆட்களும் கைகோத்து நின்றதை நான் பார்த்தேன். தோட்டத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இவர்கள் நிற்பார்கள். அங்கே எல்லாரும் ஒன்றாக விழுந்தார்கள்.

என் அம்மா தாயம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூங்காவுக்கு மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு தொங்கு பாலம் போகிறது. நீளம் 428 மீட்டர். நடந்தால் ஆடும். கீழே பார்த்தால் ஆட்கள் எறும்பாகத் தெரிவார்கள். சறுக்கில் போகும் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் மேலே ஏறி வரும். என் கணவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தார். என் அம்மா நடுவில் நடந்தார், எதையும் பிடிக்காமல், நேராக. காண்டா கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மழையில் வழுக்கும் ஒற்றைப் பலகையில் தோட்டத்து வாய்க்காலைத் தாண்டியவர் அவர். ஒரு சொட்டுப் பால் சிந்தினாலும் அன்றைய கூலியில் சிந்தியது மாதிரி. அந்தக் காலுக்கு இந்தப் பாலம் எம்மாத்திரம்? பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து "பாட்டி, மெதுவா!" என்று கத்தினார்கள். தாயம்மா அக்கரையில் போய் நின்று, திரும்பிப் பார்த்து, மருமகனைக் கைதட்டிக் கூப்பிட்டார். அம்மா கைதட்டி நான் பார்த்தது அபூர்வம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் ராட்டினம் சுற்றும்போதுகூட, எங்களை ஏற்றிவிட்டுக் கீழே மூட்டையோடு நிற்கிற ஆள் அவர்.

"இதுக்குப் போய் காசைக் கரியாக்கணுமா?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம் என்பார்கள். புத்தகமும் வாங்கத்தான் வேண்டும், நானே வாங்கச் சொல்லி நச்சரித்தவள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்த நாட்டின் ரப்பரும் ஈயமும் யார் உடம்பால் வந்தன? ஒரு காலத்தில் உலகத்து ஈயத்தில் பாதி மலாயாவிலிருந்துதான் போயிற்று. தோண்டிய பிறகு மிஞ்சிய குழியின் பயம் நம் பங்குக்கு வந்தது. அந்தக் குழியில் ஒன்று விளையாட்டு இடமாக மாறும்போது, அந்தச் சந்தோஷத்திலும் நமக்குப் பங்கு வேண்டாமா? உழைத்து ஓய்ந்த அம்மாவை வருடத்தில் ஒருநாள் தண்ணீரில் உட்காரவைப்பது வீண்செலவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது அங்கே எவ்வளவோ புதிதாக வந்துவிட்டது. வுவுசேலா என்று ஒரு பெரிய புனல். பலர் ஒரே மிதவையில் உட்கார்ந்து அதற்குள் விழுகிறார்கள். முழுக்கச் சுற்றித் தலைகீழாகும் கொள்ளையர் கப்பல் இருக்கிறது. விலங்குகளும் உண்டு. இதையெல்லாம் நீங்கள் கைப்பேசியிலேயே பார்த்திருப்பீர்கள், நான் விவரிக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது இன்னும் அந்தப் பாலமும் அலையும்தான்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் மறுபடியும் பஸ் பிடிக்கலாம் என்று நம் பிள்ளைகள் சிலர் முடிவு செய்திருக்கிறார்கள். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தைப் பாட்டிமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் என்று ஒதுக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்குப் போனவர்களையும் கூப்பிட்டு எழுதுங்கள். ஜீன்ஸ், புடவையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நீச்சலுக்கு ஏற்ற துணி எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் புளிச்சோற்றைப் பஸ்சிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவோம். சம்பல் யார் வதக்குவது என்பதை மட்டும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள், போன முறை நான்கு வீட்டிலிருந்து சம்பல் வந்தது, ஒரு வீட்டிலிருந்தும் அப்பளம் வரவில்லை. வணக்கம்.