கோலிக்குண்டும் குழந்தை மனசும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் ஐயா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, பெற்றோர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அம்மாவுக்கு இன்னொரு விழா இருக்கிறது என்று இப்போதுதான் காதில் சொன்னார்கள். அவரை எழுந்திருக்க விடாமல் பேசுவதுதான் இன்றைக்கு என் திட்டம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

ஆளுமை எப்படி உருவாகிறது, உளவியல் என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார்கள். முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன் நான். பி.டி. வாத்தியாருக்கும் உளவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அதோ மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். பி.பி.எட். என்கிற உடற்கல்விப் பட்டப்படிப்பில் எங்களுக்கும் உளவியல் ஒரு தாள் உண்டு ஐயா. அன்றைக்குப் பாஸாவதற்காகப் படித்தேன். அப்புறம் ஆசைக்குப் படித்தேன், ரிட்டயர் ஆன பிறகும் படிக்கிறேன்.

மூன்று உளவியல் அறிஞர்களைப் பற்றிச் சொல்வதாகக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஃப்ராய்டு, எரிக்சன், பியாஜே. மூன்று பேருமே நம் வீட்டுத் திண்ணையில் சொல்கிற ஒரு பழமொழியோடு மல்லுக்கட்டியவர்கள்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

ஃப்ராய்டைக் கேட்டால் வளையாது என்பார். மனிதனுடைய குணத்துக்கு அஸ்திவாரம் முதல் ஐந்தாறு வயதுக்குள் போட்டாகிவிடுகிறது, பிறகு நடப்பதெல்லாம் அதன் மேல் எழும்புகிற சுவர்தான் என்பது அவர் கட்சி. எரிக்சன் அவர் வழியில் வந்தவர், ஃப்ராய்டின் மகள் ஆன்னாவிடம் பயின்றவர். ஆனால் 1950-இல் வந்த தன் புத்தகத்தில் மனித வாழ்க்கையை எட்டுப் பருவமாகப் பிரித்து, கிழப்பருவம் வரைக்கும் மனசு வளர்கிறது என்றார். ஐம்பதிலும் வளையும் என்று சொன்னவர். அறுபத்திரண்டு வயதில் நிற்கிற எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். எட்டுப் பருவத்தையும் பிறகு விளக்குகிறேன். முதலில் பியாஜேயைச் சொல்லிவிடுகிறேன், மனசுக்கு நெருக்கமானவர்.

ழான் பியாஜே 1896-இல் சுவிட்சர்லாந்தில் நூஷாதெல் என்ற ஊரில் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போதே, 1907-இல், வெள்ளை படர்ந்த ஒரு சிட்டுக்குருவியைப் பற்றிக் குறிப்பு எழுதி அச்சில் பார்த்தவர். அப்புறம் நத்தை, சிப்பி என்று ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார். பாரிஸில் குழந்தைகளுக்கு அறிவுச் சோதனை வைக்கிற வேலை கிடைத்தது. சரியான விடைக்கு மார்க் போட வேண்டியவர், தப்பான விடைகளில் மாட்டிக்கொண்டார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புப் பண்ணுகிறார்களே, ஏன்? நாம் தப்பைக் கண்டால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். அவர் அதைச் சேகரித்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது கோலிக்குண்டு விஷயம். ஜெனீவாவிலும் நூஷாதெலிலும் பையன்களோடு உட்கார்ந்து, "எனக்கு இந்த ஆட்டம் மறந்துபோச்சு, சொல்லிக் கொடு" என்று கேட்டு, கோலி உருட்டினார். 1932-இல் அது புத்தகமாக வந்தது. ரொம்பச் சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி உருட்டிவிட்டு எல்லோரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் விதியை மாற்றலாமா என்றால் கூடவே கூடாது! யார் போட்ட விதி? ஒருத்தன் அப்பா என்றான், ஒருத்தன் கடவுள் என்றான், ஒருத்தன் நகராட்சிப் பெரியவர்கள் என்றானாம். தலைவர் அம்மா சிரிக்கிறார்கள், நல்லது. பத்து, பதினொரு வயதுப் பையன்களிடம் கேட்டால் வேறு பதில். எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நியாயம் என்பது பெரியவர்கள் மேலிருந்து போட்டது அல்ல, நாம் சேர்ந்து செய்துகொள்வது என்று ஒரு பிள்ளைக்குப் புரிகிற இடம் அது. அந்த இடம் வகுப்பறை இல்லை, மண் தரை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சட்ட புத்தி குறைச்சல் என்றும் பியாஜே எழுதிவிட்டார். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தாயா இல்லையா என்று நம் பிள்ளைகள் போடுகிற வழக்கை அவர் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

இதைப் படித்த வருடம் நானும் சோதித்துப் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோலி ஆடிய ஏழாம் வகுப்புப் பையன்கள் கையும் களவுமாகச் சிக்கினார்கள். வழக்கமாக நான் செய்வது கோலியைப் பிடுங்கி மேசை டிராயரில் போடுவது. என் டிராயரைத் திறந்தால் கோலிக் கடை மாதிரி இருக்கும். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். "ஆடுங்கடா, பார்க்கிறேன்" என்றேன். நம்பவில்லை. ஒருத்தன் அழ ஆரம்பித்துவிட்டான். சமாதானப்படுத்தி ஆடவைத்தால், முதல் நாள் மழையில் குழி நிறையத் தண்ணீர். ஒருவன் தண்ணீரை இறைத்தான், ஒருவன் வேறு குழி தோண்டலாம் என்றான், அதற்கே ஐந்து நிமிஷம். அப்புறம்தான் முக்கியமான வழக்கு வந்தது. ஒரு பையனுக்கு வலது கட்டைவிரலில் கட்டு. அவன் ஆடலாமா? இடது கையால் அடிக்கட்டும் என்றார்கள். இடது கையால் அடித்தால் தோற்பான், தோற்றால் விரல் முட்டியால் கோலியைக் குழிவரை தள்ள வேண்டும், கட்டுப் போட்ட கையால் எப்படித் தள்ளுவான்? எவ்வளவு பெரிய சட்டச் சிக்கல் பாருங்கள்! கடைசியில் அவனுக்கு ஒரு சாண் சலுகை என்று முடிவாயிற்று. யார் சாண்? அவன் சாண் சின்னது. வகுப்பிலேயே உயரமானவன் கையை விரித்து அளந்து கொடுத்தான். அந்தக் கை மண்ணில் பதிந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் சாக்பீஸ் டப்பாவோடு வந்தார். "சார், போர்ஷன் முடியல. இந்த பீரியடை எனக்குக் குடுத்துடுங்க." கொடுத்துவிட்டேன். எப்போதும் கொடுப்பேன். வருஷத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் இப்படிப் போனது என்று நான் கணக்கே வைத்ததில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, கொடுத்தவன் நான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறோம். வளைவதற்கு பீரியட் எங்கே விட்டோம்?

பியாஜே பிறந்த அதே 1896-இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த உளவியல் அறிஞர் விகோட்ஸ்கி. காசநோயில் முப்பத்தேழு வயதில் போய்விட்டார். விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்றார் அவர். ஒரு சாண் சலுகை கொடுத்த அந்தப் பையன் அன்றைக்கு என்னைவிடவே உயரம்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. எரிக்சனின் எட்டுப் பருவம் அடுத்த ஆண்டு விழாவுக்கு இருக்கட்டும், கூப்பிட்டால் வருகிறேன். வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் டேங்க் பக்கத்து மைதானத்தை டூவீலர் ஸ்டாண்டாக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஸ்டாண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, சந்தை நாளில் வண்டி நிறுத்த நானும்தான் திண்டாடுகிறேன். ஆனால் சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் மண் தரை. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலர் தலையசைப்பதைப் பார்த்தேன், நன்றி ஐயா, சாட்சி ஆயிற்று.

தலைவர் அம்மா, அந்தச் சுவிட்சர்லாந்துப் பையன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கோலி ஆட்டத்தின் விதியைப் போட்டது நகராட்சிதான் என்று அவன் நம்பினான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விதி எல்லாம் வேண்டாம், அதை அவர்களே போட்டுக்கொள்வார்கள். தரையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன், பின்வரிசை மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவும் வைத்திருக்கிறேன். பேனாவை மட்டும் மறக்காமல் வைத்துவிடுங்கள், என் பேத்தியுடையது. வணக்கம்.