லீச்: அட்டைக்கும் வைத்தியருக்கும் ஒரே பெயர்

[காட்சி: மழை விட்ட தேயிலை மலை. படங்கின் ஓரத்தில் ஏறும் அட்டை]

மழை நாளில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அட்டையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆங்கிலத்தில் அது 'லீச்'. நம்ம ஊர் தரை அட்டைக்கு விஞ்ஞானப் பெயர் ஹீமாடிப்சா சைலானிகா. கிரேக்கத்தில் 'ஹைமா' இரத்தம், 'டிப்சா' தாகம். சைலானிகா என்றால் இலங்கையைச் சேர்ந்தது. பொருத்தமான பெயர்தான்!

[காட்சி: சொல் திரையில்]

ஆளையும் லீச் என்பார்கள். அடுத்தவர் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று அர்த்தம். வினையாகச் சொன்னால் பின்னால் 'ஆஃப்' சேரும்: 'ஹி லீச்சஸ் ஆஃப் ஹிஸ் பிரதர்'. அண்ணன் காசில் காலம் தள்ளுகிறான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அம்மாவை விடாத பிள்ளையை நாம் செல்லமாக "அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்கு" என்போம். அதே பிள்ளையை ஆங்கிலத்தில் லீச் என்றால் அது திட்டு. 'கிளிங்கி' போதும்.

[காட்சி: பழைய கையெழுத்துப் பிரதி]

பழைய ஆங்கிலத்தில் 'லேச்செ' என்றால் வைத்தியர். மோதிர விரலுக்குக்கூட 'லேச்செஃபிங்கர்', வைத்தியர் விரல், என்று பெயர். 10ஆம் நூற்றாண்டுப் பிரதியாகக் கிடைக்கும் 'பால்ட்ஸ் லீச்புக்' மருத்துவ நூல். அட்டையைப் பற்றியது அல்ல. சுவீடனில் இன்றைக்கும் டாக்டர் 'லேக்கரே'தான்.

வைத்தியர்கள் அட்டை விட்டு இரத்தம் எடுத்ததால் அவர்களுக்கே அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம்பத் தேவையில்லை. அட்டைக்குப் பழைய ஆங்கிலத்தில் 'லூச்செ' என்று வேறு வடிவமும் உண்டு. அதனால் இவை தொடக்கத்தில் இரண்டு சொற்கள், அட்டை வைத்தியம் பரவியதில் ஒன்றாகக் கலந்தவை என்பதே சொல்லாய்வாளர் பலரின் கருத்து.

[காட்சி: சரிவில் வழியும் மழைநீர்]

இன்னொரு லீச்சும் இருக்கிறது, உச்சரிப்பு அதேதான். நடுவில் 'ஈ' எழுத்து இரண்டு வந்தால் அட்டை. 'ஈ', 'ஏ' வந்தால் மண்ணில் உள்ள சத்து மழைநீரில் கரைந்து கீழே இறங்குவது. பழைய ஆங்கிலத்தில் 'நனைத்தல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, அட்டைக்கு உறவில்லை. அடைமழைக்கு முன் யூரியா போட்டால் நைட்ரஜன் போவது இப்படித்தான். தோட்ட அறிக்கையில் அதை இரண்டு 'ஈ' போட்டு எழுதினால், உரத்தை அட்டை குடித்ததாக ஆகிவிடும்.