அம்மாவின் கட்டைவிரல்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் 14 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். பிள்ளைகளும் இன்டர்நெட்டும் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, அதற்கு டாக்டரோ வாத்தியாரோ அல்லவா வரவேண்டும் என்றேன். "எல்லார் வீட்டுப் போனும் உங்க மேஜைக்குத்தானே வருது" என்றார்கள். அதை மறுக்க முடியவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு அம்மா வந்தார். "அண்ணாச்சி, ராத்திரி நூறு சார்ஜ் ஏத்தி வச்சிட்டுப் படுக்கேன். காலையில பாத்தா நாப்பதுதான் இருக்கு. பேட்டரி போயிட்டா?" எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்றது என்று போனிலேயே பார்க்கலாம். பார்த்தேன். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. நடுராத்திரியில் இரண்டரை மணி நேரம் யூடியூப் ஓடியிருக்கிறது. "கைரேகை லாக் இருக்கே, வேற யாரு திறக்க முடியும்?" என்றார். பக்கத்தில் நின்ற ஐந்தாம் வகுப்புப் பையன், தொங்கிக்கொண்டிருந்த கவர்களையே உற்றுப் பார்த்தான். கொஞ்சம் தட்டிக் கொடுத்துக் கேட்டதும் சொல்லிவிட்டான். அம்மா அசந்து தூங்கியதும் அவர் கட்டைவிரலை மெதுவாகத் தூக்கிப் போனில் வைத்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வரவில்லை.

குழந்தைகளுக்கான பூட்டு என்று எல்லாரும் சொல்வது கூகுளின் ஃபேமிலி லிங்க் மாதிரியான ஏற்பாடுகளைத்தான். பிள்ளையின் போனுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்கலாம், ராத்திரி தானாகப் பூட்டிக்கொள்ளச் செய்யலாம், நீங்கள் சம்மதித்தால்தான் புது ஆப் இறங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பிள்ளைக்கென்று தனிப் போன் இருக்கிற வீட்டுக்கு. என் கடைக்கு வருகிற முக்கால்வாசி வீடுகளில் இருப்பது ஒரே போன். அதில்தான் கேஸ் சிலிண்டர் பதிவு, மகளிர் குழுத் தவணை, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப், சாயங்காலம் பிள்ளையின் விளையாட்டு எல்லாம். கணக்கில் இருப்பது அம்மாவின் பிறந்த தேதி. ஆகவே யூடியூப்பைப் பொறுத்தவரை அந்தப் பையன் 36 வயசுப் பெண்மணி. அந்த வயசுக்காரருக்கு எதை நீட்டுமோ அதைத்தான் அவனுக்கும் நீட்டும்.

போனே கொடுக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியபோது பாடம் நடத்தவென்று நாமேதான் கொடுத்தோம். சின்ன வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைக் கணக்கெடுக்கிற ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையில், அந்தப் பிள்ளைகளில் 14 முதல் 16 வயசுக்காரர்கள் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும் என்று இருக்கிறது. அவர்களில் முந்தின வாரம் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 சதவீதம். படிக்கக் கொடுத்த போன் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

ஒரே போன் வீடுகளுக்கு நான் செய்து கொடுப்பது சின்னச் சின்ன வேலை. யூடியூப் செட்டிங்கில், பெரியவர்களுக்கான வீடியோக்களை முடிந்தவரை மறைக்கிற 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' போட்டு, ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிற ஆட்டோபிளேயை நிறுத்திவிடுவேன். இந்த இரண்டாவது ரொம்ப முக்கியம். சோறு ஊட்டுகிற அம்மாமார்களுக்குத் தெரியும். அப்புறம் 'ஆப் பின்னிங்': பாடம் இருக்கிற ஆப்பைப் பின் செய்து கொடுத்தால், நம்பர் போடாமல் வேறு எதற்குள்ளும் போக முடியாது. யுபிஐ லைட் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்வேன். சின்னத் தொகைகளை அது பின் நம்பர் கேட்காமலே அனுப்பிவிடும். பிள்ளை கையில் போகிற போனுக்கு அது வேண்டாம்.

இன்னொரு கூட்டம் உண்டு. "பொண்ணுக்குத் தெரியாம அவ வாட்ஸ்அப்ப நான் பாக்கணும், ஒரு ஆப் போட்டுக் கொடுங்க." அதை மட்டும் நான் செய்வதில்லை. ஒரு தடவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தோழியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. யாரோ ஒருவன் அவள் படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பி, பணம் கேட்டிருக்கிறான். வீட்டில் சொன்னாயா என்றேன். "சொன்னா அப்பா போனைப் பிடுங்கிருவாங்க, பள்ளிக்கூடத்தையும் நிறுத்திருவாங்க மாமா" என்றாள். பெத்தவர் இருக்க, சொந்தமோ பந்தமோ இல்லாத செல்போன் கடைக்காரனிடம் அழுகிறது பிள்ளை. அவள் அம்மாவை வரவழைத்து, 1930-க்குப் போன் போட்டோம். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. பிள்ளைகளே நேராக உதவி கேட்க 1098 இருக்கிறது. இரண்டையும் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.

அந்தக் கட்டைவிரல் பையன் வீட்டுக்கு வருகிறேன். கைரேகையை எடுத்துவிட்டு ஆறு இலக்க நம்பர் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து அம்மாவும் மகனும் மறுபடி வந்தார்கள். "அண்ணாச்சி, நம்பர் மறந்து போச்சு. போன் திறக்க மாட்டேங்குது."

பின் நம்பர் மறந்தால் போனை மொத்தமாக அழித்துத்தான் எடுக்க வேண்டும், போட்டோ எல்லாம் போய்விடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஆறு எண்ணையும் கடகடவென்று சொன்னான். போட்டேன். திறந்தது.

"எப்படில தெரியும்?"

"போடும்போது வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுத்தான் போடுவாங்க மாமா. ஆனா நான் திறக்கல."

அந்த அம்மா போனின் பேட்டரிக் கணக்கைத் திறந்து என்னிடம் நீட்டினார். ராத்திரி நேரம் முழுக்கக் காலி.