பித்தப்பைக் கல்லுக்குள் உலோகங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பித்தப்பைக் கல் என்றதும் கொழுப்புதான் நம் நினைவுக்கு வரும். பெரும்பாலான கற்களில் கொலஸ்ட்ரால்தான் அதிகம் என்பதும் உண்மையே. ஆனால் அறுவை சிகிச்சையில் எடுத்த கல்லைப் பொடித்துச் சோதித்தால் செம்பு, இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவையும் மிக நுண்ணிய அளவில் தென்படுகின்றன.

இவை எப்படி அங்கே வந்தன? உடலில் மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. மாங்கனீசுக்கும் பெரும்பாலும் அதே வழிதான். ஆகவே பித்தநீரில் உருவாகும் கல்லில் உலோகம் ஒட்டியிருப்பதில் வியப்பில்லை. அது கல்லை உருவாக்கியதா, வெறுமனே வந்து சேர்ந்துகொண்டதா என்பதுதான் கேள்வி.

பித்தப்பைக் கற்களில் ஒரு வகையான கறுப்புக் கற்களைப் பார்ப்போம். ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையும் நோய்களிலும், கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் நோயிலும் இவை அதிகம் வரும். பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கால்சியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிகிறது. கொலஸ்ட்ரால் கற்களைவிட இவற்றில் செம்பும் இரும்பும் கூடுதல். செம்பு பிலிருபினோடு பிணையக்கூடியது. தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் உண்டாக்கும். அவை பிலிருபினைச் சங்கிலியாகக் கோத்து, எளிதில் கரையாத கறுப்புப் பொருளாக்குகின்றன என்று விளக்குகிறார்கள். என் பார்வையில், உலோகங்கள் மீதான சந்தேகம் வலுவாக இருப்பது இந்த வகைக் கல்லில்தான். அங்கும் முக்கியப் பங்கு கால்சியத்துக்கே. அதை நுண்ணளவு உலோகம் என்று சொல்லவும் முடியாது.

இரும்பின் கதை இன்னும் சுவையானது. இங்கே சிக்கல், கூடுவதில் அல்ல, குறைவதில். கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் முக்கிய நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த உணவு கொடுத்த விலங்குகளின் பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்ததை ஆய்வுகள் காட்டின. மனிதர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

சரி, உலோகத்தை வெளியேற்றினால் கல் கரையுமா? கரையாது. கல்லை வெளியேற்றுவதாக நினைத்து எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகளைக் கல் என்று நம்பி ஏமாறாதீர்கள். குடித்த எண்ணெயே குடலில் சோப்பு போலத் திரண்டு அப்படி வருகிறது. அப்புறம், ரத்தசோகைக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கல் வந்துவிடுமோ என்று பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.