34 டொலர் புல் விதையும் 24 சத டஃபோடில் கிழங்கும்

வணக்கம் உறவுகளே! இன்று தக்காளி நாற்று காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த முறை. ஒரு பை என்னை நேற்று இரவிலிருந்து தூங்கவிடவில்லை. இதோ பாருங்கள். புல் விதைப் பை. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் கென்டக்கி புளூகிராஸ், புல்தரைக்குப் போடும் புல் வகை. விலை 34 டொலர் 99 சதம், வரி தனி. பனி உருகிய பிறகு நம் வீட்டு முன்புறத்தில் புல் திட்டுத் திட்டாகச் செத்துக் கிடக்கிறது அல்லவா, அதற்காக என் கணவர் வாங்கி வந்தார்.

எந்தப் பையையும் பின்பக்கம் படிக்காமல் நான் பிரிப்பதில்லை. உர மூட்டைக் காணொளி பார்த்தவர்களுக்கு அது தெரியும். இருங்கள், கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். இந்த மூலையில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? எடையில் பாதி, விதையின் மேல் பூசிய பூச்சு! ஈரத்தைப் பிடித்து வைக்குமாம். பிடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பூச்சுக்கு நான் ஏன் விதை விலை கொடுக்க வேண்டும்? மீதிப் பாதியாவது புளூகிராஸா என்றால் அதுவும் இல்லை. முதலில் ரை புல், அடுத்து ஃபெஸ்க்யூ என்ற இன்னொரு புல், கடைசியில்தான் புளூகிராஸ். படத்தில் இருப்பது ஒன்று, பையில் இருப்பது வேறு. பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்கிறது, பை இன்றே கடைக்குத் திரும்பிப் போகிறது.

விதை போட்ட ஒரு வாரத்தில் பச்சை தெரிகிறது என்று மகிழ்கிறோமே, அது பெரும்பாலும் ரை புல். புளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காயக் கூடாது. மேலும் கனடாவில், நம் ஒன்ராறியோவில் அதை விதைக்க நல்ல காலம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை. மே மாதத்தில் விதைத்தால் இளம் வேர் இறங்குவதற்குள் ஜூலை வெயில் வந்துவிடுகிறது. இருந்தும் கடைகளில் இந்த மாதம்தான் பைகளை வாசலிலேயே மலையாகக் குவித்து வைக்கிறார்கள்!

சரி, இந்தப் பக்கம் வாருங்கள். மேப்பிள் மரத்தடியில் நிற்கிறேன். எத்தனை பூ பாருங்கள்! இது தெத்-ஆ-தெத் என்ற குட்டை டஃபோடில் ரகம், ஒரு சாண் உயரம்தான் வரும், ஒரே தண்டில் இரண்டு மூன்று பூ. காற்றடித்தாலும் சாயாது. எனக்கு இதற்கு மேல் ஒரு டஃபோடில் கிடையாது. அடுக்கடுக்காக இதழ் வைத்த ரகம் எனக்குப் பிடிக்காது, ஒரு மழை பெய்தால் தலை கனத்து மண்ணில் விழுந்துவிடும். பின்னால் உயரமாக நிற்பதைக் கிங் அல்ஃபிரட் என்று விற்றார்கள். அசல் கிங் அல்ஃபிரட் 1899-இல் வந்த ரகம். இப்போது அந்தப் பெயரில் விற்பனையாவது பெரும்பாலும் டச் மாஸ்டர் போன்ற வேறு மஞ்சள் ரகங்கள். பெயர் எப்படியோ, பூ நன்றாக இருக்கிறது.

இதன் விலையைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒக்டோபர் கடைசியில், கடைக்காரர்கள் நத்தார் அலங்காரப் பொருள்களுக்கு இடம் பண்ணும்போது, 50 கிழங்குகள் 12 டொலர். ஒரு கிழங்கு 24 சதம்! செப்டெம்பரில் இதே பை 30 டொலருக்கு மேல் இருந்தது. மண் உறையும் வரை நடலாம் என்பதால் அவசரமே இல்லை. நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்த பையைத்தான் எடுத்தேன். எல்லாமே முளைத்தன.

இப்போது பிரம்டனிலிருந்து எழுதிய தங்கையின் கேள்விக்கு வருகிறேன். "அக்கா, வாசலில் பெரிய மரம் இருக்கிறது, அதன் கீழே புல் போடலாமா, பூக்கிழங்கு நடலாமா?" தங்கைச்சி, மரத்தடியில் புளூகிராஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். மேப்பிள் இலை விட்டதும் நிழல், அதோடு மரத்தின் வேர் மேலாகவே படர்ந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். டஃபோடில் பிழைப்பதோ வேறு விதம். ஏப்ரலில் மரம் மொட்டையாக நிற்கும்போதே அது இலை விட்டு, பூத்து, அடுத்த ஆண்டுக்கான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. மரம் குடை விரிக்கும் நேரத்தில் இதன் வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். நம் குளிரும் அதற்கு வேண்டும். 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும்.

அணில் தொல்லை என்றாலும் என் பதில் டஃபோடில்தான். டியூலிப் கிழங்கை அணில் தோண்டித் தின்னும், டஃபோடிலைத் தொடாது. லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணில் வந்து கிண்டிப் பார்க்கும், அதற்கு முதல் சில வாரம் கோழிக்கூட்டுக் கம்பிவலை போட்டால் போதும். புல்லின் நிலை அப்படியா? ரக்கூன் என்ற காட்டு விலங்கு வந்து புல்தரையைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிவிட்டுப் போனதை நீங்களே பார்த்தீர்கள். மண்ணுக்குள் வண்டுப் புழு இருந்து வேரைத் தின்றது, அந்தப் புழுவைத் தின்ன ரக்கூன் வந்தது. 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிப்பது ஒன்ராறியோவில் தடை. நல்ல சட்டம், நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதனால் புல்லைக் காப்பாற்ற ஆகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ, வண்டுப் புழுவைக் கொல்லும் நூற்புழு வாங்கி, மாலையில், ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். அதுவும் ஒரு செலவு. கோடையில் வாரம் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர், வாராவாரம் வெட்டு, இடையிடையே உரம். இத்தனைக்கும் பிறகு ஜூலையில் அது பழுத்துப் படுத்துக்கொள்ளும்.

அட, நடும் ஆழத்தைச் சொல்லவே இல்லையே! கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு. பெரிய ரகத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர், இந்தச் சின்ன ரகத்துக்குப் பத்து. கூர் மேலே. ஸ்காபரோவில் நம் மண் களிமண், கூரைத் தண்ணீர் விழும் குழாய்க்குக் கீழே மட்டும் நடாதீர்கள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

இன்னொன்று, இது முக்கியம். கையுறை போடுங்கள், தண்டின் சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும். கிழங்கைக் குசினிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பார்க்க வெங்காயம்தான். 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, டஃபோடிலைக் காய்கறிப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று பெரிய கடைகளுக்கே எழுதியது. நாய் வளர்ப்பவர்களும் கவனம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் காட்டுகிறேன். பூ உதிர்ந்த பிறகு இந்த இலைகளை வெட்டக் கூடாது. தானாக மஞ்சளாகும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம். சிலர் இலையைச் சடை பின்னி முடிந்து வைப்பார்கள். பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், வெயில் படாத இலை எதைச் சமைக்கும்? இதனால்தான் புல்லுக்கு நடுவில் நடாதீர்கள் என்கிறேன். புல்லை வெட்டியே ஆக வேண்டும், ரொறன்ரோவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரவிடக் கூடாது என்பது மாநகர விதி. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஜூன் மாதம் முழுக்க வீட்டில் சண்டை. நான் இங்கே இடையிடையே ஹொஸ்டா என்ற அகன்ற இலைச் செடி வைத்திருக்கிறேன். இதோ, சுருட்டுபோல முளை வருகிறது பாருங்கள். டஃபோடில் இலை வாடும் நேரத்தில் ஹொஸ்டா விரிந்து மூடிவிடும்.

புல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்வளவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். அங்கே புளூகிராஸை விட்டால் வேறு கதி இல்லை. மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, மிதிபட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும் புல் அது. வெறுங்காலில் நடக்கச் சுகமாக இருக்கும். அதற்குச் செப்டெம்பர் முதல் வாரத்தில் பூச்சில்லாத விதை போடுவேன், அப்போது காட்டுகிறேன். முன்புறத்தில் பத்தடி வெயில் துண்டில் இருக்கும் புல் இருக்கட்டும். மரத்தடிச் செத்த திட்டுகள் எல்லாம் இனி டஃபோடிலுக்கு.

பிரம்டன் தங்கைச்சி, நீங்கள் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். வாசலில் எங்கே வெறுமையாகத் தெரிகிறதோ, காலை ஒன்று, மதியம் ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். ஒக்டோபரில் இலைச் சருகு மூடிக் கிடக்கும்போது எந்த இடத்தில் வசந்த வெயில் விழுந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு குழிக்கு ஐந்து கிழங்காகக் கூட்டம் கூட்டமாக நடுங்கள், வரிசையாக வேண்டாம்.